அவள் கண்ணில் என் விரல்

என் தோழியின் கல்யாணம் முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

நெய்வேலியில் ஒரே பிளாக்கில் வளர்ந்தவர்கள் நாங்கள். இருவரின் அப்பாவுக்கும் மைன்ஸில் வேலை. ஆறாம் வகுப்பில் ஒரே வாரத்தில் கண்ணாடி போட்டோம். 'சோடாபுட்டி' என்று எவனாவது கத்தினால் இரண்டு பேரும் சேர்ந்தே திரும்பி முறைப்போம்.

கல்யாணத்துக்குக் கண்ணாடி வேண்டாம் என்று அவள் லென்ஸ் வாங்கினாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியுமில்ல?" என்று கேட்டேன்.

"எல்லாம் சொல்லியாச்சுடி" என்றாள். நம்பினேன்.

அவளுக்கு சிலிண்டர் பவர். அதற்கான லென்ஸில் மயிரிழை போல ஒரு கோடு இருக்கும். அது கண்ணுக்குள் நேர் கீழே, கடிகாரத்தில் ஆறு இருக்குமே, அந்த இடத்தில் வந்து நிற்கவேண்டும். சாய்ந்தால் பார்ப்பதெல்லாம் மங்கி இழுபடும். இவளோ விரல் கிட்டே வந்தாலே கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். கடைசியில் நான்தான் பழகினேன். ஒரு மாதம், எங்கள் குவார்ட்டர்ஸ் வாஷ்பேசின் முன்னால், அவள் கீழ் இமையை இழுத்துப் பிடித்து, "மேல பாரு, மேல பாரு" என்று கெஞ்சிக் கெஞ்சிப் போட்டுவிட்டேன்.

கல்யாணத்தன்று காலையிலும் நானே போட்டேன். கோடு சரியாக நின்றது. நிமிர்கிறேன், மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்துவிட்டார். மேஜைமேல் அவள் கண்ணாடி கிடந்தது.

"இது யாருதும்மா? பொண்ணு கண்ணாடி போட்டுகினு போனத பாத்தேன்னு ஒருத்தங்க சொன்னாங்க."

"இவளோடதுங்க அத்தை" என்று என்னைக் காட்டினாள் என் தோழி. "எப்பவும் ரெண்டு வெச்சிருப்பா. பொறந்ததுலேருந்தே இவளுக்குப் பார்வை ரொம்பக் கம்மி."

"அய்யோ, பாவமே" என்று அந்த அம்மா என் கன்னத்தைத் தடவினார்.

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். வெளியே மேளம் ஆரம்பித்துவிட்டது. அவளே அந்தக் கண்ணாடியை எடுத்து என் பையில் போட்டாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் செய்தாள். "கண்ணு எரியுதுடி. கழட்டத் தெரியல. உடனே வா."

போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். கண் கெட்டுப்போனால் என்ன செய்வது என்று மனசு கேட்கவில்லை. பண்ருட்டியில் பஸ் மாறி நெல்லிக்குப்பம் போய்ச் சேரும்வரை, அவளைக் கேட்க வேண்டியதை எல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அறைக் கதவைச் சாத்தி, கை கழுவி, இரண்டையும் எடுத்தேன். கண் இரண்டும் சிவந்திருந்தன. "அப்பாடா" என்றாள். என் முகம் தெரியாமல், காதுப் பக்கம் பார்த்துச் சிரித்தாள்.

"கோவமாடி?"

நான் பதில் சொல்வதற்குள் அடுத்ததைக் கேட்டுவிட்டாள். "நாளைக்குக் காலையிலயும் வந்து போட்டுவிட்டுடு, என்ன? கோயிலுக்குக் கிளம்பணும்."

பஸ்ஸில் சேர்த்து வைத்ததை எல்லாம் விட்டுவிட்டேன். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது என் ஆள்காட்டி விரல் மட்டும்தான். பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, அவளுடைய மருதாணிக் கையில் வைத்து மூடினேன்.

"இது என்னுது இல்ல" என்றேன்.

வெளியே வந்தேன். அவள் மாமியார் ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "வாசல்ல படி இருக்குதும்மா. நான் புடிச்சிகினு இருக்கறேன், மெதுவா எறங்கு."

உள்ளே அவளுக்கு நன்றாகவே கேட்டிருக்கும். அவள் வெளியே வரவில்லை. இரண்டே படிதான். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக இறங்கினேன்.