போர்டில் வராத பெயர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்கிற நிலக்கடலையைப் பிடுங்கும் பருவத்தில் நடந்தது இது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற சாலையில் இறங்கி, உள்ளே கொஞ்ச தூரம் போனால் எங்கள் ஆரம்பப் பள்ளி வரும். தலைமை ஆசிரியரும் நானும் மட்டும்தான் ஆசிரியர்கள். மூன்று, நான்கு, ஐந்து என்று மூன்று வகுப்பும் ஒரே அறையில், என் பொறுப்பில்.

காலையில் வந்ததும் வருகைப் பதிவைச் செல்போனில் ஏற்ற வேண்டும். அறையில் சிக்னல் கிடைக்காது. தண்ணீர் டேங்க் பக்கத்தில் நின்று போனைத் தூக்கிப் பிடித்தால்தான் வரும். அதற்குள் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடும். அதனால் நாம் எல்லோரும் படித்த காலத்தில் இருந்த அதே வழியைத்தான் நானும் வைத்திருந்தேன். நான் வரும்வரை, பேசுகிறவர்கள் பெயரை வகுப்பு லீடர் போர்டில் எழுத வேண்டும். பெயர் வந்தால் மதியச் சாப்பாடு வரை நிற்க வேண்டும். அடிக்கவில்லை, திட்டவில்லை, இது என்ன பெரிய தண்டனை என்பது என் நினைப்பு. என் வகுப்பு கப்சிப்பென்று இருப்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். சரியான வாயாடி. முட்டையில் மஞ்சள் கரு எப்படி உள்ளே போனது என்பதிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுத் துளைப்பாள். போர்டில் பெரும்பாலும் முதல் பெயர் அவளுடையதுதான். பிறகு ஒரு நாள் அது வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பரவாயில்லையே, திருந்திவிட்டாளே என்று எனக்குள் ஒரே பெருமை.

இரண்டு வாரம் கழித்து அவள் அம்மா வந்தார். மல்லாட்டை பிடுங்குகிற வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, காலில் மண்ணோடு வந்திருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். உங்கள் பெண் இப்போது எவ்வளவு அமைதி தெரியுமா, போர்டில் பேரே வருவதில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"வூட்லயும் பேச மாட்டேங்குது டீச்சர். முன்னல்லாம் பள்ளிக்கூடத்துக் கதைய சோறு துன்ற வரைக்கும் சொல்லிக்கினே கெடக்கும். இப்ப எது கேட்டாலும் தலையத்தான் ஆட்டுது. எதையோ பாத்து பயந்துகிச்சோன்னு மசூதிக்கு இட்டுக்கினு போயி மந்திரிச்சி கயிறுகூட கட்டிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விசாரிக்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு, லீடரைத் தனியாகக் கூப்பிட்டேன். ஐந்தாம் வகுப்புப் பெண், கெட்டிக்காரி. கையில் சாக்பீஸை உருட்டிக்கொண்டிருந்தாள். என்ன நடந்தது என்று மூன்று முறை கேட்ட பிறகுதான் சொன்னாள்.

"அவ பேரு கடைசியா வந்துச்சே, அன்னிக்கி யாருமே பேசல மிஸ். போர்டு காலியா இருந்தா நீங்க நம்ப மாட்டீங்க. அதான் அவ பேர எழுதிட்டேன். பேசாமயே நின்னுக்கினு இருந்தா மிஸ். அதுலருந்துதான் பேசவே மாட்டேங்குறா. எனக்கு பயமாயிடுச்சி. இப்ப வேற வேற பேரு எழுதுறேன்."

அவள் சொன்னது உண்மைதான். அதற்கு முன்பு ஒரு நாள் போர்டு காலியாக இருந்ததைப் பார்த்து, ஃப்ரெண்ட்ஸைக் காப்பாற்றுகிறாயா என்று கேட்டு இவளையே நான் நிற்க வைத்திருந்தேன். ஒருத்தியை ஊமையாக்கி, இன்னொருத்தியைப் பொய் எழுத வைத்திருக்கிறேன். அந்த அறையில் நிற்க வைக்க வேண்டிய ஆள் நான்தான்.

மறுநாள் எல்லோர் முன்னாலும் அந்தக் குழந்தையிடம், தப்பு என்னுடையது என்று சொன்னேன். பெயர் எழுதுகிற வேலைக்கு அன்றோடு முழுக்குப் போட்டேன். வகுப்பு மறுபடி சந்தைக்கடை ஆனது. தலைமை ஆசிரியர் இரண்டு முறை எட்டிப் பார்த்து, என்ன டீச்சர் இது என்றார். ஆகட்டும் சார் என்றேன். இவ்வளவு செய்தும் அவள் மட்டும் பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்டபோதும் தலையைத்தான் ஆட்டினாள். இனி பேசவே மாட்டாளோ என்று பயம் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் வீடு திரும்பும்போதெல்லாம் அதே யோசனைதான்.

ஒரு மாதம் போயிருக்கும். டேங்க் பக்கத்தில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரோ என் புடவையை இழுத்தார்கள். அவள்தான்.

"மிஸ், பேசலாமா?"

இந்த முறை நான் தலையை ஆட்டினேன். அவர்கள் வீட்டு ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறதாம். ஒன்று கறுப்பாம், ஒன்றுக்கு நெற்றியில் வெள்ளையாம், கறுப்புக்குட்டி பால் குடிக்க மாட்டேன் என்கிறதாம். சொல்லிக்கொண்டே போனாள். அன்றைக்கு வருகைப் பதிவு மதியம்தான் ஏறியது, மேலிடத்திலிருந்து ஏன் தாமதம் என்று போன்கூட வந்தது.

இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. வீட்டில் பழையபடி வாய் ஓயாது என்று அவள் அம்மா சொல்கிறார். பிள்ளைகளோடு நன்றாகச் சண்டையும் போடுகிறாள். ஆனால் என்னிடம் வந்தால் மட்டும் இன்றைக்கும் முதலில் "பேசலாமா மிஸ்" என்றுதான் கேட்கிறாள். கேட்காமலே பேசும்மா என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். சரி என்பாள், அடுத்த முறையும் கேட்பாள். பள்ளியைப் பார்வையிட வருகிறவர்கள், என்ன மரியாதையான குழந்தை, நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் என்று என்னைப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். அது நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்த பயம் என்று அவர்களிடம் சொல்ல இதுவரை எனக்குத் தைரியம் வந்ததில்லை.