அக்காவின் பான் கார்டு

போன வருடம் ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், பொள்ளாச்சி சார் ஆட்சியர் அலுவலகத்தில் என் அக்கா எனக்காக ஒரு பொய் சொன்னாள். பக்கத்து நாற்காலியில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். மறுத்துப் பேச எனக்கு நேரம் இருந்தது. பேசவில்லை.

கோவையில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். வீடு துடியலூரில். கொரோனா சமயத்தில் சம்பளத்தைக் குறைத்தார்கள். குறைந்தது பிறகு ஏறவே இல்லை. அப்போதுதான் இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி, வீட்டுச் சாமான்களைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். கிரைண்டர், மிக்ஸி, தண்ணீர் மோட்டார் இப்படி. ஒவ்வொரு கட்டுரையிலும் அந்தப் பொருளை ஆன்லைனில் வாங்குவதற்கான லிங்க் இருக்கும். அதைத் தொட்டு யாராவது வாங்கினால் விற்கும் நிறுவனம் எனக்குக் கமிஷன் தரும். முதல் வருடம் பெட்ரோல் செலவுக்கு ஆனது. மூன்றாவது வருடம் என் சம்பளத்தில் பாதியைத் தொட்டது.

கமிஷன் கணக்குத் தொடங்க பான் எண் வேண்டும். வேலையில் சேரும்போது, வெளியே வேறு வருமானம் தேடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கமிஷனில் பிடிக்கும் வரி என் பெயரில் ஏறினால் ஆபீஸ் கணக்குப் பிரிவுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். அப்படித் தெரிய வழியே இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. இன்னொரு காரணமும் உண்டு. சம்பளத்தோடு சேர்ந்தால் வரி கூடும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இந்தத் தொழிலில் இருக்கும் என் நண்பர்கள் பலர் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒருவர் அம்மா பெயரில் கணக்கு வைத்திருந்தார், இன்னொருவர் மாமியார் பெயரில். எங்களுக்குள் அந்தப் பெண்களுக்கு ‘முதலாளியம்மா’ என்று பெயர். “உங்க முதலாளியம்மா சௌக்கியங்களா?” என்று விசாரித்துச் சிரித்துக்கொள்வோம்.

என் முதலாளியம்மா என் அக்கா. கிணத்துக்கடவில் தனியாக இருக்கிறாள். மாமா லாரி ஓட்டியவர். இறந்து பதினோரு வருடம் ஆகிறது. அக்கா சர்ச் நடத்தும் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆயா. முகூர்த்த நாள்களில் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவவும் போவாள். பாங்கியில் கேட்டார்கள் என்று எப்போதோ எடுத்த பான் கார்டு அவளிடம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் கேட்டேன்.

“எதுக்குக் கண்ணு?”

“ஆபீஸ்ல தெரியக்கூடாதுக்கா. உன் பேர்ல ஒரு கணக்கு வெச்சுக்கறேன்.”

“என்ற பேரு உனக்கு ஒத்தாசையா இருக்கும்னா எடுத்துட்டுப் போ. இதையெல்லாமா கேப்பே?”

நான் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். பணம் வர அவள் பெயரில் தனியாக ஒரு பாங்கிக் கணக்கு. அதன் ஏடிஎம் கார்டும் சிம் கார்டும் என்னிடம்.

பணம் வாங்கிக்கொண்டு ஒரு பொருளைச் சிபாரிசு செய்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று அரசு விதி வந்தது. நண்பர்கள் சிலர் அதைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் கடைசியில் போட்டார்கள். நான் கட்டுரையின் தலையிலேயே, தடித்த எழுத்தில், ‘இந்த லிங்க் வழியாக வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும்’ என்று போட்டேன். நேர்மையானவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் இருந்தது.

இதற்கிடையில் அரசு பெண்களுக்கு மாதாமாதம் தரும் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை அக்காவுக்கும் வர ஆரம்பித்தது. அவள் செய்த முதல் காரியம், மண்டப வேலையை விட்டது. “முட்டி ரெண்டும் கெஞ்சுது தம்பி. இனி அண்டாவுக்குள்ள தலையை உட்டுத் தேய்க்கற வேலை எனக்கு வேண்டாம்” என்றாள். அப்படி நிம்மதியாக அவள் பேசிக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

அந்த வருடக் கமிஷன் மூன்று லட்சத்து நாற்பதாயிரம். அதில் ஏழாயிரத்துச் சொச்சம் வரியாகப் பிடித்திருந்தார்கள். ஆடிட்டர் சொன்னார்: “ஏனுங்க, அக்காவுக்குப் பெருசா வேற வருமானம் இல்லீங்களே. ரிட்டர்ன் போட்டா பிடிச்சது அப்புடியே திரும்பி வந்துருமுங்க. எதுக்கு உடோணும்?”

போட்டேன். பணம் ஐந்து வாரத்தில் வந்தது. என் வண்டிக்கு இரண்டு டயர் மாற்றினேன்.

சில மாதம் கழித்து அக்காவின் ஆயிரம் நின்றது. பாங்கியில் கோளாறு என்று நினைத்து இரண்டு முறை அங்கே நடந்திருக்கிறாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். “நீ பேப்பர்ல இருக்கறவன். என்னன்னு கேட்டுச் சொல்லு தம்பி.” கேட்ட கணத்திலேயே எனக்குக் காரணம் தட்டுப்பட்டது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு மேல் போனால் தொகை கிடையாது. அந்த விதியை நானே செய்தியாகத் திருத்திப் பக்கத்தில் ஏற்றியவன். “சர்வர் பிரச்சினையா இருக்கும்க்கா” என்றேன்.

அவள் என்னை நம்பிக் காத்திருந்துவிட்டு, இ-சேவை மையத்தில் தானே மேல்முறையீடு போட்டாள். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். துணைக்குப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உடன் போனேன்.

விசாரித்த அதிகாரி நாற்பது வயதுப் பெண். கணினியைப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

“ஏனுங்கம்மா, நீங்க வருமான வரி ரிட்டர்ன் போட்டிருக்கீங்களே?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. நான் ஸ்கூல்ல ஆயா வேலைங்க.”

“உங்க பான் நம்பர்ல மூணு லட்சத்து நாப்பதாயிரம் காட்டுதுங்களே. ஆன்லைன் கமிஷன்னு இருக்குது.”

அக்கா விழித்தாள். அதிகாரி குரலைத் தாழ்த்தினார். “யாராவது உங்க கார்டை எடுத்துத் தப்பாப் பண்ணியிருந்தா, தெரியாதுன்னு எழுதிக் குடுங்கம்மா. போலீசுல ஒரு புகார் குடுத்துப்போடலாம். விசாரிச்சு உங்க பணம் திரும்ப வர்றதுக்கு நான் எழுதறேன்.”

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. மடியிலிருந்த துணிப்பையின் காதைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். பிறகு சொன்னாள்: “இல்லீங்க. நாந்தானுங்க பண்றேன். மறந்துபோட்டேன்.”

“என்ன விக்கறீங்க?”

“கிரைண்டருங்க.”

பின்னால் நின்ற குமாஸ்தா சிரித்துவிட்டார். “ஆயா வேலையும் பாத்துட்டு மூணு லட்சமுங்களா? எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்கக்கா, நானும் ராஜினாமா எழுதிப்போடறேன்.”

அதிகாரி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். “இவரு யாருங்க?”

“என்ற தம்பிங்க. பேப்பர்ல இருக்கான்.” அந்த நிலைமையிலும் அதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது.

“பேப்பர்லயா?” என்று மட்டும் கேட்டுவிட்டு அதிகாரி கணினிப் பக்கம் திரும்பினார். மேல்முறையீடு தள்ளுபடி ஆனது. அமைச்சர்களையும் கலெக்டர்களையும் நிறுத்திக் கேள்வி கேட்டவன் நான். எழுந்து, “நன்றிங்க” என்று மட்டும் சொன்னேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். பஸ் வருவதற்குள் நான், “மாசாமாசம் அந்த ஆயிரத்தை நான் போட்டுடறேன்க்கா” என்றேன்.

“வேண்டாம் கண்ணு. அது எனக்குன்னு கவர்மென்ட்டு குடுத்தது. நீ குடுத்தா தம்பி குடுத்த காசு.” துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னாள்: “போலீசுன்னு அந்தம்மா சொன்னப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. நீ முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்க போயே இருக்க மாட்டேனே. அந்தாளு சிரிச்சான் பாரு.”

அடுத்த மாதம் கமிஷன் கணக்கை என் பெயருக்கு மாற்றினேன். வெளி வருமானத்துக்கு ஆபீசில் அனுமதி கேட்டு எழுதினேன். ஒரு வார்த்தை கேட்காமல் அச்சடித்த படிவம் ஒன்றை நீட்டினார்கள். என் பிரிவிலேயே நான்கு பேர் அதே மாதிரிப் படிவத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். இப்போது வரி முழுதாகக் கட்டுகிறேன். கட்டிய பிறகும் மிஞ்சுகிறது. பழைய வருடத்தை என்ன செய்வது என்று ஆடிட்டரிடம் கேட்டேன். “அதைக் கெளறாதீங்க. அபராதம், கேசுன்னு உங்களுக்குத்தான் வெனை” என்றார். கிளறவில்லை. அரசாங்கப் பதிவில் என் அக்கா அந்த வருடம் கிரைண்டர் விற்றவளாகவே இருக்கிறாள். மறுபடி விண்ணப்பம் போடலாம் என்று சொன்னேன். “மறுக்காவும் அங்க போயி நிக்கோணுமா?” என்று கேட்டாள்.

மண்டபத்து வேலைக்குத் திரும்பப் போய்விட்டாள். முகூர்த்த நாள்களில் நான் போன் செய்தால் எடுப்பதில்லை. சாயங்காலம் அவளே கூப்பிடுவாள்: “கையெல்லாம் பிசுக்கு கண்ணு, அதான் எடுக்கல. தப்பா நெனைச்சுக்காதே.” ஒரு நாள் என்னை நிற்கவைத்துத் திட்டித் தீர்த்திருந்தால் இந்நேரம் எனக்கு மறந்துகூடப் போயிருக்கும், போனை எடுக்காததற்குப் போய் என்னிடம் சமாதானம் சொல்கிறாளே, அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.