ஒரு பிடி தீக்குச்சி

அந்த ஊரின் பெயர் வேண்டாம். சொன்னால் எந்தத் தீப்பெட்டிக் கம்பெனி என்று தெரிந்துவிடும். கிழக்கு ஆப்பிரிக்காவில், விமானம் இறங்கிய இடத்திலிருந்து ஒன்பது மணி நேரம் பஸ். சாத்தூரில் எங்கள் பட்டறையில் செய்து கப்பலில் அனுப்பிய, பெட்டியில் குச்சி அடைக்கும் மிஷினைப் பூட்டி, ஓட்டிக் காட்ட வேண்டும். துணைக்கு ஓர் ஆளை அனுப்புங்கள் என்று பட்டறை முதலாளியிடம் கேட்டேன். "ஏலே, நீ என்ன பச்சப் பிள்ளையா?" என்றார். அந்த எரிச்சலோடுதான் விமானமே ஏறினேன்.

பஸ் ஸ்டாண்டில் என்னைக் கூப்பிட யாரும் வரவில்லை. டீக்கடைக்காரி என்னையும் என் டூல்ஸ் பையையும் பார்த்துவிட்டு, அடுப்பில் டீ கொதிக்கக் கொதிக்க, இல்லை என்று கையை ஆட்டினாள். எனக்குப் பின்னால் வந்தவருக்கு ஊற்றிக் கொடுத்தாள். லாட்ஜில் ஆணி ஆணியாகச் சாவி தொங்கியது, ரூம் இல்லையாம். தெருவில் ஒருவர் எனக்கு முன்னாலேயே காறித் துப்பினார். மனுசங்களா இவங்க என்று வாய்விட்டே திட்டினேன். யாருக்குப் புரியப்போகிறது?

கம்பெனி கேட்டில் சூப்பர்வைசர் நின்றார். காரியாபட்டிக்காரர். ஆப்பிரிக்காவுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது.

"ஒத்தையாவா வந்தீக? ஏதும் சாப்பிட்டீகளா?"

"எவன் குடுத்தான்?"

"குடுக்க மாட்டாக. மிஷின் வந்து எறங்குன அன்னைக்கே ஊருக்குத் தெரிஞ்சு போச்சு. வீட்டுக்கு ஒரு பொம்பள இங்கனதான் பெட்டி அடைக்கிறா. பாதிப் பேரையாவது வச்சுக்கிடலாமான்னு முதலாளி யோசிக்காரு. இன்னும் முடிவு சொல்லல."

கொட்டகைக்குள் பெண்கள் தீக்குச்சியைக் குவித்து வைத்து, காலிப் பெட்டிகளில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. கைகள் நிற்கவில்லை.

அச்சங்குளத்தில் என் அம்மா பெட்டி அடைத்துத்தான் என்னை வளர்த்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் அடைப்பேன். குச்சியை எண்ண வேண்டியதில்லை. ஒரு பிடி அள்ளினால் பெட்டிக்கு வேண்டியது சரியாக இருக்கிறதா என்று கைக்கே தெரியும். நானும் உங்கள் ஆள்தான் என்று காட்ட இதைவிட வேறென்ன வேண்டும்? முன்வரிசையில் இருந்த வயதான அம்மாளுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அடைக்க ஆரம்பித்தேன்.

நாலைந்து பெட்டி முடிவதற்குள் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மாளே என் விரல்களை உற்றுப் பார்த்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மளமளவென்று அடுக்கித் தள்ளினேன். கம்பெனி முதலாளி பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவே இல்லை.

அவர் என் பெட்டிகளையும் அந்த அம்மாளின் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லாருக்கும் கேட்கும்படி ஏதோ சொல்லிவிட்டுப் போனார். சிரித்த முகங்கள் செத்துப்போயின.

"என்ன சொன்னாரு?"

சூப்பர்வைசர் என்னைப் பார்க்கவில்லை. "மிஷின் பூட்ட வந்தவனே இதுகளைவிட ரெண்டு மடங்கு அடைக்கான், இம்புட்டு நாளா என்னை ஏய்ச்சிருக்குதுகங்காரு. வச்சுக்கிடலாம்னு நெனச்ச பாதிப் பேரும் வேண்டாமாம். நாளைக்கே மிஷினை ஓட்டணுமாம்."

அந்த அம்மாள் நான் அடைத்த பெட்டி ஒன்றை எடுத்தார். திறந்து, குச்சிகளை என் மடியில் கொட்டினார். பிறகு ஏதோ கேட்டார்.

"இதை யார்ட்டப் படிச்சேன்னு கேக்காக."

"எங்கம்மாட்ட."

"அவக இப்ப என்ன செய்றாகன்னு கேக்காக."

எங்கள் ஊரில் அம்மா வேலை பார்த்த கம்பெனிக்கும் இதே மிஷினைப் பூட்டியவன் நான்தான். மறு மாதத்திலிருந்து அம்மா ஏழாயிரம்பண்ணைக்கு வேனில் போகிறாள், பட்டாசுக்கு மருந்து அடைக்க. நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்றும் போனாள்.

"வீட்ல நிம்மதியா இருக்காகன்னு சொல்லுங்க" என்றேன்.

சூப்பர்வைசர் சொன்னார். அந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டார். காலிப் பெட்டியை மூடி என் கையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார்.

"என்னங்காக?"

"குடுத்து வச்ச மகராசியாம் உங்கம்மா. எங்களுக்கு உன்னை மாதிரி மகன் வாய்க்கலேங்காக."