பஸ்ஸுக்கு ஓடாத வேகப்பந்து வீச்சாளன்

யுத்தம் கடுமையாக இருந்த காலம். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் குடியிருந்தோம். கொழும்புக் கழகம் ஒன்றுக்காகச் சம்பளத்துக்கு வேகப்பந்து வீசிக்கொண்டிருந்தேன். மைதானத்தில் நான் ஓடி வந்தால் எதிரே நிற்பவர் கொஞ்சம் பின்னுக்குப் போவார். வீதியில் இறங்கினாலோ கலியாண மாப்பிள்ளை மாதிரி நடப்பேன்.

எல்லாம் அம்மாவின் கட்டளை. "றோட்டில மட்டும் ஓடிப்போடாதை தம்பி. நீ பஸ்ஸுக்கு ஓடுறியோ, பயந்து ஓடுறியோ எண்டு ஆமிக்காரனுக்கு விளங்காது." யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் வீடுகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதே பாடம்தான்.

தேசிய அணிப் பயிற்சிக் குழுவுக்கு ஆள் தெரிவு செய்யும் நாள் வந்தது. புதுப்பந்து உனக்குத்தான், பிந்தாமல் வா என்று பயிற்றுவிப்பாளர் முதல் நாளே சொல்லியிருந்தார். அன்று பார்த்து, காலி நகருக்குப் போகும் வீதியில் நான் வந்த பஸ்ஸை ஆமி மறித்து, எல்லாரையும் இறக்கிச் சோதனை செய்தது. அடையாள அட்டையில் பிறந்த இடத்தைக் கண்டதும் என்னைத் தனியே நிறுத்தினார்கள். என் வயதுச் சிப்பாய் ஒருவன் பையைக் கிளறி, பந்தை எடுத்துத் தையலில் விரல் வைத்துப் பார்த்தான். பாஸ்ட் போலரா என்று சிங்களத்தில் கேட்டான். தலையாட்டி, இன்றைக்குத் தேசிய அணித் தெரிவு என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து என் பஸ் புறப்பட்டது. அவனே கையைக் காட்டி அதை மறித்தான். "துவன்ன மல்லி, துவன்ன" என்றான். ஓடு தம்பி, ஓடு. சிங்களம் எனக்கு நன்றாகவே விளங்கும். ஆனால் கால் கேட்கவில்லை. துவக்கு வைத்திருப்பவன் ஓடச் சொன்னால் அது சுடுவதற்குத்தான் என்று மனசு அடித்துச் சொன்னது. நடந்தேன். கொண்டக்டர் கத்தினார். அவன் மறுபடியும் கூப்பிட்டான். நான் இன்னும் மெதுவாக நடந்தேன். பஸ் போய்விட்டது.

திரும்பிப் பார்த்தேன். நான் ஏன் ஓடவில்லை என்று அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு மற்றப் பக்கம் போய் நின்றான்.

நான் போய்ச் சேர்ந்தபோது புதுப்பந்தை வேறொருவர் வீசிக்கொண்டிருந்தார். எனக்குத் தேய்ந்த பந்தில் கொஞ்ச ஓவர்கள் கிடைத்தன. பிறகு அவர்கள் கூப்பிடவே இல்லை. கழகத்தோடேயே என் காலம் முடிந்தது.

அந்த வாய்ப்புப் போனது இன்றைக்கும் வலிக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும், நான் வென்று வரட்டும் என்று அந்த ஊரில் அன்று ஆசைப்பட்ட ஒரே அந்நியன், என்னைச் சுடப்போகிறான் என்று நினைத்தபடி நடந்தேனே, அதை நினைக்கும்போதுதான் என்னால் தாங்க முடிவதில்லை.