யார் முதலில் போவது

எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் மிர்சா நுஸ்ரதுல்லா பெட்டிக் கயிற்றை அவிழ்க்க மாட்டார். கழுதைக்காரன் சாமான்களை இறக்கிக்கொண்டிருக்கும்போதே, புழுதி படிந்த கோட்டோடு, ஊரிலுள்ள கான்சல்கள், அதாவது வெளிநாட்டுத் தூதர்கள், வீட்டுக் கதவுகளைத் தட்டக் கிளம்பிவிடுவார். பாக்தாதில் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். திஃப்லிஸில் 'கால் ஓயாத மிர்சா' என்று பட்டம் கட்டினார்கள். பாரசீக ஷாவின் அரசாங்கத்து மானத்தைக் கப்பலேற்றுகிறீர் என்று தெஹ்ரானிலிருந்து கண்டனம் வந்தது. அப்போதும் மனிதர் மாறவில்லை.

பாரசீக வளைகுடாவின் லிங்கே துறைமுகத்தில் அந்தச் சம்பவம் நடக்கும்வரை அவர் இப்படி இல்லை. தப்ரீஸில் அல்வா கடை வைத்திருந்தவரின் மகன். வெளியுறவுத் துறையில் இவ்வளவு தூரம் ஏறி வந்ததே மரியாதை முறைகளைக் கரைத்துக் குடித்ததால்தான். விருந்தாளிக்கு எந்தப் பக்கம் நாற்காலி, வழியனுப்பக் கதவுவரை போவதா படிவரை போவதா என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இளவயதில் ஒருமுறை, திராபிசோனில், முறை தெரியாமல் ஒரு பரங்கிக் கான்சலை முந்திக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டார். அதற்காக மேலிடம் அவரை ஒரு வருஷம் மூலையில் உட்காரவைத்தது. அந்தச் சூடு ஆறவே இல்லை.

லிங்கேயில் அவருக்குக் கார்குசார் உத்தியோகம். ஊர்க்காரனுக்கும் வெளிநாட்டானுக்கும் தகராறு வந்தால், ஊர்க்காரனுக்காகப் பேச வேண்டியவர் அவர். அங்கேதான் முத்துக்குளிக்கும் படகொன்றின் தலைவன், கல்ஃபான் என்ற நாகுதா மாட்டிக்கொண்டான். படகில் துப்பாக்கி இருந்தது என்று பரங்கிப் போர்க்கப்பல் அவனைப் பிடித்து வைத்திருந்தது. கடற்கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து வைத்திருந்த பழைய துப்பாக்கி, ஒன்றே ஒன்று. அதற்கு அனுமதி கொடுத்ததே மிர்சாதான். புதிதாக வந்திறங்கிய பரங்கிக் கான்சலிடம் அதை வாயால் சொன்னால் போதும், ஆளை விட்டுவிடுவார்கள்.

ஆனால் கான்சலை யார் முதலில் பார்ப்பது? முதல் சந்திப்பு முறையாக முடியாமல் அலுவல் பேச்சு எடுக்கக்கூடாது.

மிர்சா காலையில் உடுத்திக்கொண்டு உட்காருவார். எழுந்து ஜன்னலுக்குப் போவார். திரும்பி வந்து தொப்பியைச் சரிசெய்வார். மறுபடி எழுந்திருப்பார். தட்டில் வைத்த பிஸ்தா இனிப்பில் ஈ மொய்த்தது. தேநீருக்கு வைத்த சமோவர் கொதித்துக் கொதித்து வற்றியது.

"என்னங்க, தரை தேஞ்சிடப் போகுது," என்றாள் மனைவி மாஹ்லகா. "ஒரு எட்டுப் போய்ட்டுதான் வாங்களேன்."

"உனக்குப் புரியாது. புதுசா வந்தவனை ஊர்க்காரங்க போய்ப் பாக்குறது நம்ம வழக்கம். அவங்க ஊர்ல புதுசா வந்தவன்தான் வீடு வீடாப் போகணும். அவன் வழக்கப்படி அவன்தான் வரணும். நான் முந்திக்கிட்டுப் போனா என்னை என்ன நினைப்பான்? வேலை கேட்டு வந்த எடுபிடின்னு நினைப்பான்."

"நினைச்சா நினைச்சிட்டுப் போறான். அங்க ஒருத்தன் கப்பல்ல கெடக்குறான்."

"கெடக்குறான்னு எனக்கும் தெரியும்!" என்று மிர்சா கத்தினார். கத்தியதற்காக உடனே வெட்கப்பட்டார். அதற்கும் எழுந்து நடந்தார்.

வாசலில் கல்ஃபானின் மனைவி மோசா தினமும் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஐயா, கப்பல்ல கரி ஏத்துறாங்கன்னு சொல்றாங்க. கிளம்பப் போகுதாம்."

"கான்சல் இன்னைக்குக் கட்டாயம் வருவார்மா. வந்ததும் பேசிடறேன்."

தெருவில் குளம்புச் சத்தம் கேட்டால் மிர்சா ஜன்னலுக்கு ஓடுவார். ஒருநாள் கான்சலின் குதிரைகளே வந்தன. அவை வாசலைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் தண்ணீர் காட்டப் போய்விட்டன. மரியாதை என்பது பொல்லாத வியாதி. பிடித்தவனை நிற்கவும் விடாது, போகவும் விடாது.

பிறகு ஒரு காலை, மாடியில் உலாத்திக்கொண்டிருந்தவர் கப்பல் புகைபோக்கியில் கரும்புகை எழும்புவதைப் பார்த்தார். அவ்வளவுதான். தொப்பி இல்லாமல், வீட்டுச் செருப்போடு, கடைத்தெரு முழுக்க வேடிக்கை பார்க்க, கான்சல் வீட்டுக்கு ஓடினார்.

கான்சல் ஜரிகைச் சட்டையும் வாளுமாக, வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தான். எதிரே மேசையில் தேநீர்க் கோப்பைகள், பாதாம், கற்கண்டு. அவையும் ஈ மொய்த்துக் கிடந்தன.

"வாங்க, வாங்க! எத்தனை நாளாக் காத்துக்கிட்டிருக்கேன்!" என்றான் அரைகுறைப் பாரசீகத்தில். "உங்க வழக்கத்தை எல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் வந்தேன். புதுசா வந்தவன் வீட்டோட இருக்கணும், பெரியவங்க வந்து பாப்பாங்கன்னு சொன்னாங்க. நான் முந்தி வந்தா உங்களுக்கு அவமானம்னு இருந்துட்டேன்."

மிர்சா நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. கல்ஃபான், துப்பாக்கி, தான் கொடுத்த அனுமதி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

கான்சல் எழுந்து நின்றான். "அவனும் அதையேதான் சொன்னான். நிஜமா இருந்தா கார்குசார் வந்து சொல்வாரேன்னு பாத்தேன். நீங்க வரல. சரி, புளுகுறான்னு முடிவு பண்ணி நேத்துதான் சிறைக்கு அனுப்பச் சொன்னேன்."

இருவரும் கரைக்கு ஓடினார்கள். கொடி அசைத்துப் பார்த்தார்கள். கப்பல் திரும்பவில்லை.

விட்டுவிடச் சொல்லி கான்சல் அன்றே எழுதினான். அந்தக் கடிதம் போய்ச் சேர்வதற்குள், தூரத்து ஊர்ச் சிறையில் கல்ஃபானைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது.

செய்தியைச் சொல்ல மிர்சா மோசாவின் வீட்டுக்குத் தானே நடந்து போனார். ஓலைக் குடிசை. அதன் வாசலை அன்றுதான் முதன்முதலாக மிதித்தார். சொன்னார். அவள் அழுது ஓயும்வரை நின்றார். அதற்குப் பிறகும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அம்மா, எங்க உத்தியோகத்துல ஒரு முறை இருக்கு. யாரு முதல்ல வரணும்னு..."

மோசா முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க முறையும் எனக்குத் தெரியாது, அவங்க முறையும் தெரியாதுங்க ஐயா. நான் தினமும் உங்க வாசலுக்கு வந்தேன். யாரு முதல்ல வரணும்னு நான் கேக்கலையே."