ரெண்டு கோட்டும் மகளின் பம்பும்

வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பது அவருக்குத் தொழில். "ஒரு கோட்டு போதாதா?" என்று எந்த வீட்டுக்காரர் கேட்டாலும் ஏணி மேலிருந்தபடியே, "ரெண்டு கோட்டு அடிக்கலன்னா நான் பிரஷ்ஷையே தொடமாட்டேன்" என்பார். இதைச் சொல்லிச் சொல்லியே பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கோ காணாமல் போய், ரெண்டு கோட்டு என்பதே அவருக்கு நிலைத்துவிட்டது. வீட்டுக்கு வழி கேட்கிறவர்கள்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள்.

அவர் மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவர். அந்தக் கடைக்குப் பெயிண்ட் அடிக்கப் போன இடத்தில்தான் பழக்கம். மூன்று நாள் வேலையை இவர் ஆறு நாளாக இழுத்தார். ஆறாவது நாள் அந்தப் பெண் தலை நிமிராமலே, "சுவர் நேத்தே காய்ஞ்சிடுச்சு, நீங்க கிளம்பலாம்" என்றார். அவர்களுக்குள் நடந்த முதல் பேச்சு அதுதான். கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான். இவர் நூறு வார்த்தை பேசுவார், அந்த அம்மா ஒரே வார்த்தையில் முடித்து வைப்பார்.

ஒரே மகள். வீட்டில் குட்டி. மூன்று வயதிலிருந்தே அவளுக்கு இருமல். ஓடினால் இருமுவாள், சிரித்தால் இருமுவாள், விடியற்காலையில் கட்டாயம் இருமுவாள். ஒவ்வொரு தடவையும் பக்கத்து கிளினிக்கில் ஒரு சிரப். கொஞ்சம் முற்றினால் மூக்கில் மாஸ்க் மாட்டிப் புகை மாதிரி மருந்து வரும் மெஷினில் பத்து நிமிஷம். சரியாகிவிடும், வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அடுத்த மாதம் மறுபடியும். "சளி உடம்பு, வளர்ந்தா சரியாயிடும்" என்று எல்லோரும் சொன்னார்கள். கேட்க நன்றாக இருந்ததால் இவரும் நம்பினார்.

அவளுக்கு ஆறு வயதானபோது ஒரு நாள் பள்ளிக்கூடம் அரை நாளோடு விட்டுவிட்டது. மனைவி கடையில் இருந்ததால் குட்டியை வேலை நடக்கிற வீட்டுக்கே கூட்டிப் போனார். அன்றைக்குச் சுவருக்குப் பட்டி பூசி, காய்ந்ததை உப்புத்தாளால் தேய்க்கிற வேலை. அறை முழுக்க மாவு பறந்தது. குட்டி மூலையில் உட்கார்ந்து, அடிக்காத சுவரில் பென்சிலால் யானை வரைந்துகொண்டிருந்தாள். முதலில் இருமினாள். பிறகு இருமலும் இல்லை, பேச்சும் இல்லை. அப்பாவைப் போலவே வாய் ஓயாத பிள்ளை அவள். அவள் பேசாமல் இருந்ததுதான் இவருக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தால் தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு இழுக்கிறாள். விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வருகிறது.

வீட்டுக்காரர் காரை எடுத்தார். தலைமுதல் கால்வரை வெள்ளை மாவோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவரைப் பார்த்து, ஆஸ்பத்திரி வாசலில் நின்ற காவலாளி யாருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு நொடி குழம்பிப்போனார்.

அங்கே இருந்த குழந்தைகள் டாக்டர் ஐம்பது வயது அம்மா. மூச்சு சீரான பிறகு, சாயங்காலமாக, அவரையும், கடையிலிருந்து ஓடிவந்திருந்த மனைவியையும் உட்கார வைத்துச் சொன்னார்: "இது வெறும் சளி இல்ல. ஆஸ்துமா. மூச்சுக் குழாய்க்குள்ள வீக்கம் இருந்துகிட்டே இருக்கு. தூசி, புகை, ஜலதோஷம்னு ஏதாவது வந்தா உடனே சுருங்கிடுது. அப்பப்ப சுருக்கத்தை மட்டும் எடுத்துவிட்டா போதாது. வீக்கத்தையும் குறைக்கணும்."

மேஜைமேல் மூச்சோடு மருந்தை உள்ளே இழுக்கிற இரண்டு பம்புகளை வைத்தார். "இந்த நீலம், மூச்சு முட்டும்போது மட்டும். இந்தப் பழுப்பு, தினமும் காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. நல்லா இருந்தாலும் விடக்கூடாது."

"ஸ்டீராய்டா டாக்டரம்மா?" என்றார் ரெண்டு கோட்டு. இந்த மாதிரி வார்த்தைகளெல்லாம் அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கும்.

"ஆமா. ரொம்பக் கொஞ்ச அளவு, நேரா நுரையீரலுக்குப் போகுது. அடிச்சதும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்க. ஒவ்வொரு தடவை வரும்போதும் உயரம் அளந்து பார்ப்போம்."

"பழக்கமாயிடாதா?"

"பல் தேய்க்கிறது பழக்கமாயிடுச்சேன்னு யாராவது கவலைப்படுறாங்களா?" என்று சிரித்தார் டாக்டர். பிறகு கேட்டார், "வீட்ல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?"

"சே சே, கிடையவே கிடையாது."

"அப்பா மொட்டை மாடியில மட்டும்தான் பிடிப்பாரு" என்றாள் குட்டி, மாஸ்க்குக்குள்ளிருந்து. ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அவள் பேசிய முதல் வாக்கியம் அதுதான். மனைவி திரும்பிப் பார்த்தார். மாடியோ தெருவோ, புகை சட்டையோடு உள்ளே வந்துவிடும் என்று டாக்டர் விளக்கினார். மனைவியின் அந்தப் பார்வைக்குப் பிறகு விளக்கம் தேவைப்படவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது இருமல் அவ்வளவாகக் குறையவில்லை. "எப்படி அடிக்கிறீங்க, செஞ்சு காட்டுங்க" என்றார் நர்ஸ். இவர் பெரிய வித்தைக்காரர் மாதிரி கையை வீசி, பம்பின் மூடியைத் திறந்து, ஸ்பேசர் என்கிற அந்தப் பிளாஸ்டிக் குழாயில் பொருத்தி, குட்டி வாயில் வைத்து அழுத்தினார்.

"குலுக்கலையே?" என்றார் நர்ஸ்.

"குலுக்கணுமா?"

"மருந்து அடியில தங்கியிருக்கும் சார். குலுக்கினாத்தான் சரியான அளவு வரும்."

ரெண்டு கோட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. இருபது வருஷமாக ஒரு பெயிண்ட் டப்பாவைக்கூடக் கலக்காமல் திறந்தது கிடையாது அவர். கூட வேலை செய்கிறவன் கலக்காமல் பிரஷ்ஷைத் தோய்த்தால் அன்று முழுக்கத் திட்டுவார். தவிர, ரெண்டு தடவையும் சேர்த்து அழுத்திவிட்டு உடனே குழாயை எடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஐந்தாறு மூச்சு நிதானமாக இழுக்க வேண்டும் என்று நர்ஸ் செய்து காட்டினார். அடுத்த ஒரு மாதத்தில் விடியற்காலை இருமல் நின்றது. குட்டி மாடிப்படியை ஒரே ஓட்டத்தில் ஏறினாள்.

இவரும் மாறினார். சுவரை நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தார், மாவு பறக்காது. வேலை முடிந்ததும் அங்கேயே குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குக் கிளம்புவார். சிகரெட்டைப் பொறுத்தவரை மூன்று தடவை விட்டார். மூன்றாவது தடவை விட்டதுதான் விட்டது.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்ததுதான் வினையாகிவிட்டது. வெளியூரில் இருந்த மனைவியின் தங்கைக்குப் பிரசவம். உதவிக்கு மனைவி ஐந்து வாரம் போக வேண்டி வந்தது. அடுக்களை அலமாரிக் கதவில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனார்: காலை ரெண்டு, சாயங்காலம் ரெண்டு, வாய் கொப்பளிக்கணும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம், டிக் போட.

முதல் வாரம் டிக் ஒழுங்காக விழுந்தது. இரண்டாவது வாரம் அவசரத்தில் ஒரு காலை விட்டுப்போனது. குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு நாள் முழுக்க விட்டுப்போனது. அப்போதும் அவள் கிளி மாதிரிப் பேசிக்கொண்டிருந்தாள். 'நல்லாத்தானே இருக்கா, எதுக்கு வீணா மருந்து' என்று அவருக்குள் ஒரு எண்ணம் முளைத்தது. அந்தத் தாளை அவர் எடுக்கவும் இல்லை, டிக் போடவும் இல்லை. பம்பு அலமாரிக்குள் போனது. மனைவி தொலைபேசியில், "மருந்து?" என்று கேட்டால், "அதெல்லாம் ஜோரா நடக்குது" என்பார்.

நான்கு வாரம் ஜோராகத்தான் நடந்தது. ஐந்தாவது வாரம் பள்ளியில் யாரிடமிருந்தோ குட்டிக்கு ஜலதோஷம் தொற்றியது. இரண்டாம் நாள் மத்தியானம் பழைய கீச்சுச் சத்தம். டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தபடி நீல பம்பைக் கொடுத்தார். கொஞ்சம் அடங்கி, அரை மணிக்குள் மறுபடி ஆரம்பித்தது. நல்லவேளை, அவர் காத்திருக்கவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இரண்டு நாள் படுக்கை, ஆக்சிஜன்.

"பழுப்பு பம்பு விட்டு எத்தனை நாளாச்சு?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார். பொய் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை.

"மூணு வாரத்துக்கு மேல. நல்லா இருந்தா டாக்டரம்மா, அதான்..."

"மருந்தாலதான் நல்லா இருந்தா."

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. அன்று சாயங்காலமே மனைவி பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். வார்டு வாசலிலேயே இவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "நான்தான் நிறுத்தினேன். உங்கிட்ட பொய் சொன்னேன். ஈரச் சுவர் மேல வெறும் பெயிண்ட் அடிச்சிட்டு, பளபளன்னு இருக்குன்னு காட்டுறவனைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். அதையேதான் நம்ம பிள்ளைக்குப் பண்ணியிருக்கேன்."

மனைவி உள்ளே போய்க் குட்டியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "சாப்டீங்களா?" என்றார். ரெண்டு கோட்டு அழுதது அப்போதுதான்.

அதற்குப் பிறகு அவரைப் போல் பம்பு விஷயத்தில் கறாரான மனிதர் அந்தத் தெருவில் கிடையாது. விருந்தாளி வந்திருந்தாலும், விளக்கு போயிருந்தாலும், மணி ஏழானால் குழாய் வெளியே வந்துவிடும். "அப்பா, நீ அலாரத்தைவிட மோசம்" என்பாள் குட்டி.

அவளுக்குப் பத்து வயதானபோது வகுப்பே மூன்று நாள் மலைப் பயணம் போவதாக இருந்தது. "உங்க பொண்ணை மட்டும் விட்டுட்டுப் போறோம், தப்பா எடுத்துக்காதீங்க. ஏதாவது ஆச்சுன்னா எங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். குட்டி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மனைவி, "போய்க் கேளுங்க. வாய் எதுக்கு இருக்கு?" என்றார்.

டாக்டரிடம் எழுதி வாங்கிய தாளோடும் ஸ்பேசரோடும் ஆசிரியர்கள் அறைக்குப் போனார். ஏணி மேல் நின்று உலகத்துக்கே புத்தி சொல்கிறவருக்கு, பன்னிரண்டு ஆசிரியர்களைக் கண்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் படிப்பை எட்டாவதோடு நிறுத்தியவர். ஆனால் பம்பைக் கையில் எடுத்ததும் எல்லாம் தானாக வந்தது.

"முதல்ல உட்கார வைங்க. படுக்க வைக்காதீங்க. பயந்துட்டாலும் முகத்துல காட்டாதீங்க. குலுக்குங்க, நான் முதல்ல குலுக்காம முட்டாள்தனம் பண்ணினவன். ஒரு அழுத்து, அஞ்சாறு மூச்சு. அப்புறம் அடுத்தது. இந்தத் தாள்ல இருக்கிற அளவுக்கு அடங்கலன்னா யோசிக்காம ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க. இப்ப ஒவ்வொருத்தரா செஞ்சு காட்டுங்க."

கணக்கு வாத்தியார் ஸ்பேசரைத் தலைகீழாகப் பிடித்தார். "சார், அப்படியில்ல" என்று இவர் திருத்தினார். உடற்பயிற்சி ஆசிரியை மட்டும் முதல் தடவையே சரியாகச் செய்துவிட்டு, "எனக்கும் சின்ன வயசுல இருந்தது. யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றார். பிறகு, "பொண்ணு என் பொறுப்பு, அனுப்புங்க" என்றார்.

குட்டி போனாள். அந்த மூன்று நாளும் ரெண்டு கோட்டு ஒரே சுவருக்கு மூன்று கோட்டு அடித்தார் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியவள் முதலில் குரங்கைப் பற்றிச் சொன்னாள், பிறகு அருவியைப் பற்றி. வீட்டு வாசலை மிதிக்கும்போதுதான் போகிற போக்கில், "ரெண்டாவது நாள் ஏறும்போது கொஞ்சம் இழுத்துச்சுப்பா. நானே உட்கார்ந்து நீலம் போட்டுக்கிட்டேன். சரியாப் போச்சு. டீச்சர் பக்கத்துலதான் இருந்தாங்க" என்றாள்.

"எங்களுக்கு ஏன் போன் பண்ணல?"

"எதுக்கு? எனக்குத்தான் தெரியுமே."

அவர் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். தன் பிள்ளைக்குத் தன்னுடைய மூச்சைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்துவிட்டது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

அதற்கு அடுத்த வருஷம், பல மாதங்களாக அவள் நன்றாகவே இருந்ததைப் பார்த்து, டாக்டர் பழுப்பு மருந்தை வேளைக்கு ஒன்றாகக் குறைத்தார். "இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே டாக்டரம்மா" என்று இவர் கெஞ்ச, டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பள்ளிக்கூடக் கதையைக் கேட்டதும்தான் சொன்னார், "வியாழக்கிழமை காலையில ஒரு மணி நேரம் வர முடியுமா? புதுசா வர்ற அப்பா அம்மாகிட்ட நீங்க பேசுங்க. நான் சொன்னா தலையாட்டிட்டுப் போறாங்க. வீட்ல போய் நிறுத்திடறாங்க."

இப்போது வியாழக்கிழமைகளில் எந்த வீட்டுக்காரர் அழைத்தாலும் அவர் பத்தரை மணிக்கு மேல்தான் வேலைக்கு வருவார். காத்திருக்கும் அறையில் நாலைந்து குடும்பங்களுக்கு நடுவே உட்கார்ந்து பேசுவார். தான் மறைத்ததையும் முதலிலேயே சொல்லிவிடுவார். போன வாரம் டை கட்டிய ஒருவர், "எங்க பையன் இப்ப சுத்தமா நல்லா இருக்கான், அதனால..." என்று ஆரம்பித்து, இவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "எத்தனை நாளாச்சு சார் விட்டு?" என்று ரெண்டு கோட்டு சாதாரணமாகக் கேட்டார். அந்த மனிதர் மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டு, "பத்து நாள்" என்றார். "சரி, உள்ள போனதும் டாக்டர்கிட்ட இதையே சொல்லுங்க. கடிக்க மாட்டாங்க" என்று சொல்லி, தள்ளி உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டார்.