நாற்பத்து நாலு அடியும் என் இடுப்பும்

இடுப்புவலிக்காரனாக இருப்பது முழுநேர வேலை. வளைகுடாவில்கூட வெள்ளிக்கிழமை லீவு உண்டு, இதில் அதுவும் கிடையாது. தும்மல் வருவதற்கு முன்னால் சுவரைத் தேடிப் பிடிக்கிறவர்களே, கவிழ்ந்து கிடக்கும் செருப்பைக் காலாலேயே புரட்டிப் போடுகிறவர்களே, பஸ்ஸில் கடைசி சீட் மட்டும் காலியாக இருந்தால் அடுத்த வண்டிக்கு நிற்கிறவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். யார் யார் சிரித்தார்கள் என்று நான் ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

ஜமால் போட்ட ரெண்டு

நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வளைகுடாவில் ஒரு எண்ணெய்க் கம்பெனியின் கோல்ஃப் மைதானத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். புல் என்று ஒரு இணுக்கு கிடையாது, முழுக்க மணல். துரைமார்களின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பதும், குழியைச் சுற்றி மணலை இழுத்து மட்டமாக்குவதும் என் வேலை. மணலில் பந்து புதைந்துவிடும் என்பதால் விளையாடுகிறவர்கள் ஆளுக்கொரு பச்சைப் பாய்த்துண்டு வைத்திருப்பார்கள். பந்து விழுந்த இடத்தில் அதை விரித்து, பந்தை அதன்மேல் எடுத்து வைத்து அடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில், ஜும்மா தொழுகைக்கு முன்னால், வேலைக்காரர்களான எங்களையும் விளையாட விடுவார்கள்.

நான் ஊர் திரும்புகிற வருஷம் எங்களுக்குள் ஒரு போட்டி வைத்தார்கள். ஒன்பது குழி. குறைந்த அடியில் முடிக்கிறவருக்கு ஒரு டீ ஃபிளாஸ்க். நான் நாற்பத்து நாலு அடியில் முடித்தேன். அட்டையில் எழுதியவன் எங்கள் ஃபோர்மேன் ஜமால். கீழக்கரைக்காரன், தூரத்து உறவில் எனக்கு மச்சான். அவன் எழுதியது நாற்பத்து ஆறு. ஏழாவது குழிக்குப் போகும்போது நான் பாயை ஒரு சாண் முன்னால் தள்ளிப் போட்டேனாம், அபராதம் ரெண்டு. அவனுடைய அடி நாற்பத்தைந்து. ஃபிளாஸ்க்கைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் என் தோளில் தட்டிச் சொன்னான்: "மச்சான், நீ பையைத் தூக்கு. அதை நல்லாத் தூக்குறே."

வெள்ளைப் பந்து

இது நடந்து பதினோரு வருஷம். நான் யார்மீதும் வன்மம் வைக்கிறவன் இல்லை. மறக்காமல் இருக்கிறேன், அவ்வளவுதான். ஊருக்கு வந்ததும், சாயல்குடிக்குப் பக்கத்தில் என் மைத்துனர் கைவிட்டுவிட்ட உப்பளத்தில் ஒன்பது பால் டின்களைப் புதைத்து மைதானம் அமைத்தேன். ஒவ்வொரு டின்னிலும் ஒரு கம்பு, கம்பில் சிவப்புத் துணி. கிழிந்த வலையைப் பனைமட்டையில் கட்டி இழுத்தால் குழியைச் சுற்றி மணல் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். துரைமார்கள் பார்த்திருந்தால் என்னை ஃபோர்மேன் ஆக்கியிருப்பார்கள்.

முதல் நாள் பதினோரு பந்து தொலைந்தது. புதர் இல்லை, பள்ளம் இல்லை, தண்ணீர் இல்லை. கண்ணெதிரே விழுகிறது, போய்ப் பார்த்தால் காணோம். வளைகுடா மணல் பழுப்பு, இங்கே தரையெல்லாம் உப்புப் பூத்து வெள்ளை. வெள்ளையில் வெள்ளையைத் தேடிக்கொண்டு, இருபத்திரண்டு வருஷ அனுபவசாலி வெயிலில் அலைந்தேன். கடைசியில் மிச்சப் பந்துகளை எடுத்துக்கொண்டு மூக்கையூர் அந்தோணியிடம் போனேன். படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர், என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவர். மீந்துபோன பச்சையில் எல்லாவற்றையும் முக்கி எடுத்து, வரிசையாகக் காயவைத்துவிட்டுத் தூரிகையை மறுபடி கையில் எடுத்தார்: "இருங்க காக்கா, நம்பரும் போட்டு விடுறேன். எல்லை தாண்டிப் போயிப் பிடிபட்டா, நம்ம பந்துன்னு சொல்லித் திரும்ப வாங்கணும்ல!"

சாட்சி

போன மாசியில் ஒரு காலை. நான் மட்டும்தான் உப்பளத்தில். எட்டு குழி முடிந்தது. ஒன்பதாவதில் பந்து உருண்டு போய் டின்னுக்குள் 'டொங்' என்று விழுந்தது. விரல் விட்டு எண்ணினேன், திரும்ப எண்ணினேன். நாற்பத்து நாலு! அல்ஹம்துலில்லாஹ் என்று கத்தியதில் மேய்ந்துகொண்டிருந்த ரெண்டு வெள்ளாடு தலை தூக்கிப் பார்த்தன.

சகோதரர்களே, நாற்பத்து நாலு தடவை மட்டையை வீசியபோது என் இடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. விழுந்த பந்தை எடுக்கக் குனிந்தேன் பாருங்கள், அப்போதுதான் 'டக்'. அப்படியே நின்றுவிட்டேன், பாதி மடக்கிய நாற்காலி மாதிரி. என் கால் பெருவிரலைப் பார்த்தபடியே வீடுவரை நடந்தேன். வழியில் யார் யார் சலாம் சொன்னார்கள் என்பதைச் செருப்பை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

படுக்கையில் விழுந்ததும் முதல் வேலையாக ஜமாலுக்குப் போன் போட்டேன். அவனும் வேலையை முடித்துக்கொண்டு கீழக்கரைக்கு வந்துவிட்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். சாட்சி யார் என்று கேட்டான். ஆடுகளைத் தவிர யாரும் இல்லை என்றேன். அவன் சொன்னான்: "சரி மச்சான், அந்த ஆடுகளை ஒரு கையெழுத்துப் போடச் சொல்லு, ஒத்துக்கிறேன்."

பாலம்

எல் ஃபோர், எல் ஃபைவ். நம் ஆட்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். இடுப்பின் அந்த ரெண்டு எலும்புக்கும் நடுவில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார் ராமநாதபுரத்து டாக்டர். மூணு மாசம் மட்டையைத் தொடக் கூடாது, அதன்பிறகு பார்க்கலாம். பயிற்சிக்கு ஒரு பெண்ணிடம் அனுப்பினார். என் மகள் வயதுகூட இருக்காது. அங்கே போனவுடன் எல்லோரிடமும் கேட்பாள், குணமானால் என்ன செய்ய ஆசை என்று. ஒரு அம்மா தண்ணீர்க்குடம் தூக்க வேண்டும் என்றார். ஒருவர் பைக் ஓட்ட வேண்டும் என்றார். நான், ஐப்பசி மழைக்கு முன்னால் ஒன்பது குழியை நாற்பத்து நாலு அடியில் முடிக்க வேண்டும், அதுவும் ஜமால் கண்ணெதிரே என்றேன். மழை இறங்கினால் உப்பளம் தண்ணீரில் மூழ்கிவிடும், மறுபடி காய்வதற்கு மாசி ஆகும். அவள் அதை அப்படியே அட்டையில் எழுதிக்கொண்டாள். அதற்காக அவளை எனக்குப் பிடிக்கும். தாத்தா என்று கூப்பிட்டதை மன்னிக்கவில்லை.

"எதை எடுத்தாலும் முட்டியை மடக்கி உட்கார்ந்து எடுங்க, இடுப்பை மடக்காதீங்க" என்று தினமும் நூறு தடவை சொல்வாள். பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து இடுப்பை மேலே தூக்கச் சொல்வாள். அந்தப் பயிற்சிக்குப் பேரே பாலம்தான். எனக்கு ஒரு பக்கம் ஏறும், மறுபக்கம் இறங்கும். அவள் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தாத்தா, பாம்பன் பழைய பாலம் மாதிரி ரெண்டாப் பிரியாதீங்க. புதுப் பாலம் மாதிரி அப்படியே மட்டமா மேல போங்க!"

மோதினார்

எங்கள் பள்ளிவாசல் மோதினார் நான் மறக்காதவர்களின் பட்டியலில் எப்படிச் சேர்ந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குனிந்து ருக்கூ செய்யவும் நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தா செய்யவும் டாக்டர் தடை போட்டுவிட்டார். வரிசையின் ஓரத்தில் நாற்காலி போட்டுத்தான் தொழுதேன். மோதினார் தங்கமான மனுஷர். பாங்கு சொல்ல வரும்போதே என் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவைப்பார்.

நாலாவது மாசம் மெதுவாக மட்டை பிடிக்க அனுமதி கிடைத்தது. பாதி வீச்சு, அதுவும் பத்து பந்துதான். ஒரு நாள் அசர் தொழுகை முடிந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நேரே உப்பளத்துக்குப் போய்விட்டேன். பந்துமேல் கண்ணை வைத்து லேசாகச் சாய்ந்து நிற்கிறேன். சாலையில் சைக்கிள் மணிச் சத்தம். மோதினார் ஒரு காலை ஊன்றி நின்று, நான் அடித்து முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தார். பிறகுதான் கேட்டார்: "ஏன் காக்கா, படைச்சவனுக்குக் குனியாத இடுப்பு பந்துக்கு மட்டும் குனியுதாக்கும்?"

சஹன்

ஆவணியில் கீழக்கரையில் ஒரு கல்யாணம். எங்கள் வழக்கப்படி ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் தரையில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும். சஹன் என்போம். கறித்துண்டு எந்தப் பக்கம் ஒளிந்திருந்தாலும் பேச்சுக்கொடுத்தபடியே தோண்டி எடுப்பதில் நான் பேர் பெற்றவன். இப்போது தரையில் உட்கார முடியாது. ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் மேஜை, எண்பது வயதுக்காரர் ஒருவர், காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒருவர், நான். தனித்தனித் தட்டு. எனக்கு வந்தது ரெண்டும் எலும்பு.

எதிர்ச் சஹனில் ஜமால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு தொடைக்கறியை எடுத்து என் பக்கம் தூக்கிக் காட்டினான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே சவால் விட்டேன். புரட்டாசி கடைசியில் என் உப்பளத்துக்கு வா, நீயே எண்ணு. நாற்பத்து நாலு அடித்துவிட்டால் அந்தப் பழைய நாற்பத்து நாலையும் ஒத்துக்கொண்டு ஃபிளாஸ்க்கைத் தர வேண்டும். இல்லாவிட்டால் இனி அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன் என்றேன். பந்தல் முழுக்கக் கேட்டது. ஜமால் விரலைச் சப்பிக்கொண்டே சொன்னான்: "வாரேன் மச்சான். ஆனா முன்னாலேயே சொல்லிட்டேன், அங்கன உனக்கு நாற்காலி போட மாட்டேன்."

நூர்ஜஹான்

இனி அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேனே என்ற பயத்தில் எனக்குத் தூக்கம் இல்லை. பதினோரு வருஷமாக அந்தப் பேச்சில்தான் உயிர் வாழ்கிறேன். மட்டையை வீச முடிந்தது. பாயில் பந்தை வைக்க ஒரு முட்டி போட்டு உட்காரப் பழகிவிட்டேன். ஆனால் டின்னுக்குள் கைவிட்டுப் பந்தை எடுக்கப் போனாலே 'டக்' என்ற அந்தச் சத்தம் காதில் கேட்கும், கையை எடுத்துவிடுவேன்.

என் மனைவி நூர்ஜஹானுக்கு இந்த விளையாட்டு பிடிக்காது. வாசல் மிதியடியை நான் பாய்த்துண்டுக்காக வெட்டியதிலிருந்து பிடிக்காது. அவள் ஒரு நாள் தானாகவே உப்பளத்துக்கு வந்தாள். நான் ஒன்பதாவது குழிக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்தாள். மறுநாள் நண்டு வலையில் ஒன்பது துண்டு வெட்டி, பை மாதிரி தைத்து, டின்னுக்குள் இறக்கி, நைலான் நூலால் கொடிக்கம்பில் கட்டினாள். கம்பை நேராகத் தூக்கினால் போதும், பந்து வலையில் ஏறி மேலே வந்துவிடும். வாயைப் பிளந்துகொண்டு நின்ற என்னிடம் இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்: "இத்தனை வருஷமா இத்தனை ஆம்பளைங்க அந்தக் குழியச் சுத்தி நின்னீகளே, ஒருத்தருக்கும் இது தோணலையா?"

ஒன்பதாவது குழி

ஜமால் சொன்ன நாளில் வந்தான். கையில் அட்டை, காதில் பென்சில், ஃபிளாஸ்க்கும் வந்திருந்தது. கிழக்கே கடல்மேல் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு குழியிலும் நான் கம்பைத் தூக்கிப் பந்தை எடுக்கும்போது, நண்டு பிடிக்கிறியா கோல்ஃப் ஆடுறியா என்று கேட்டான். பாயை விரிக்கும்போதெல்லாம் தரையில் காலால் கோடு போட்டு அளந்தான்.  என் சட்டைக்குள் இடுப்புவலிப் பெல்ட் இறுக்கிக் கட்டியிருந்தது, பேசினால் மூச்சு முட்டும்.

எட்டு குழிக்கு நாற்பது. ஒன்பதாவதில் முதல் அடி நேராகப் போனது. ரெண்டாவது, மட்டமாக்கிய மணலின் ஓரத்தில் நின்றது. மூணாவது, குழிக்கு ஆறடி தூரத்தில் நின்றது. மழை ஒரு சொட்டு மூக்கில் விழுந்தது. தட்டினேன். அந்தோணியின் பச்சைப் பந்து, நம்பர் தெரியத் தெரிய உருண்டு, விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே போய்விட்டது. வலை இருந்ததால் 'டொங்' சத்தம் வரவில்லை. அதுதான் வினை. பந்து டின்னின் அடியைத் தொடவில்லை, வலையில்தான் தொங்குகிறது, இது செல்லாது, நான் கைவிட்டுப் பார்ப்பேன் என்று ஜமால் கிளம்பினான்.

அவனுக்கும் அறுபத்து நாலு வயது. முட்டியை மடக்காமல், கால் ரெண்டையும் விறைப்பாக ஊன்றி, இடுப்பிலிருந்து குனிந்தான். முட்டியை மடக்குடா என்று நான் சொல்லியிருக்கலாம். தொண்டைவரை வந்தது. பதினோரு வருஷம் மனசுக்குள் வைத்திருந்தவன், இன்னும் ஒரு நொடி வைத்திருந்தேன். 'டக்'. எனக்கே கேட்டது. மழை சடசடவென்று இறங்கியது. டின்னுக்குள் விட்ட கையோடு, தரையைப் பார்த்தபடி, அசையாமல் நின்று ஜமால் சொன்னான்: "அடியிலதான் மச்சான் கிடக்கு... நாப்பத்து நாலுதான். அன்னைக்கும் நாப்பத்து நாலுதான். அல்லாவுக்காக என்னைய நிமித்தி விடு."

ஃபிளாஸ்க் இப்போது என் அலமாரியில் இருக்கிறது, என் பெல்ட் அவன் இடுப்பில் இருக்கிறது, அந்த ஃபிளாஸ்க்கை மூடி இல்லாமல் கொடுத்தான் என்பதை மட்டும் நான் மறப்பதாக இல்லை.